ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்ல மூணு கோர்ஸ் படிச்சாச்சு: என் ரிவியூ

போன வாரம் லிஃப்ட்ல ஏழாவது மாடி அக்கா கேட்டாங்க, "அந்த 4,000 வெள்ளிய தொட்டியா, இல்ல அப்படியேதான் கெடக்கா?" தொட்டாச்சுக்கான்னு நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவங்க மாடி வந்துருச்சு, கதவும் மூடிக்கிச்சு. அவங்களுக்குச் சொல்ல நெனச்சதத்தான் இங்க எழுதுறேன். நீளமாத்தான் போகும், டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

சிங்கப்பூருக்கு வெளிய இருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ங்கறது 2015 பட்ஜெட்ல அப்போ நிதியமைச்சரா இருந்த தர்மன் அறிவிச்ச திட்டம், இப்போ அவருதான் அதிபர். 2016 ஜனவரிலேந்து 25 வயசான ஒவ்வொரு குடிமக்களுக்கும் 500 வெள்ளி குடுத்தாங்க, கையில காசா வராது, சிங்பாஸ்னு அரசாங்க ஆன்லைன் லாகின் ஒண்ணு இருக்கு, அதப் போட்டு உள்ள போனா கணக்குல நிக்கும், அரசாங்கம் ஒத்துக்கிட்ட கோர்ஸுக்குக் கட்டிக்கலாம், அவ்ளோதான். 2020-ல இன்னொரு 500 போட்டாங்க, 40லேந்து 60 வயசுக்குள்ள இருந்தவங்களுக்கு அதுக்கு மேல ஒரு 500, இந்த ரெண்டுக்கும் ஆயுசு 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான் இருந்துச்சு. அப்புறம் 2024 பட்ஜெட்ல நிதியமைச்சர் லாரன்ஸ் வோங் வந்து 40 தாண்டுனவங்களுக்கு 4,000 வெள்ளின்னாரு, இதுக்குக் காலாவதியே கெடையாது ஆனா கண்ட கோர்ஸுக்கும் போட முடியாது, வேலைக்கு ஆகுற கோர்ஸ்னு அவங்க பிரிச்சு வச்ச லிஸ்ட்ல இருந்தாத்தான். எனக்கு 2020-ல 41 வயசு, அதனால பெஞ்ச மழை எல்லாத்துலயும் நனைஞ்சிருக்கேன், கூட்டிப் பாத்தா 5,500 வெள்ளி. படிக்கிறதுக்குன்னு எங்கப்பாவே எனக்கு இவ்ளோ செலவு பண்ணதில்ல, திருச்சியில பி.காம் முடிக்க மொத்தமா ஆன செலவ நெனச்சா சிரிப்பு வருது.

நான் என்ன வேலை பாக்குறேன்னு சொன்னாத்தான் மிச்சம் புரியும். ஒரு சின்ன ஃப்ரெய்ட் ஃபார்வர்டிங் கம்பெனியில டிக்ளரன்ட். சரக்கு உள்ள வரணும்னாலும் வெளிய போகணும்னாலும் கஸ்டம்ஸ் பெர்மிட் வேணும், அத டிரேட்நெட்டுங்கற சிஸ்டத்துல போட்டு வாங்குறது என் பொழப்பு. ஒவ்வொரு சாமானுக்கும் எட்டு இலக்கத்துல ஒரு எச்எஸ் கோட் இருக்கு, அப்பளம்னா 1905-ல ஆரம்பிக்கும், எவர்சில்வர் டம்ளர்னா 7323, பாதித் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பதினெட்டு வருஷமா சேத்து வச்ச சொத்து இது. நகை மாதிரி, யாரும் பிடுங்க முடியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

இந்த டிரேட்நெட் இருக்கே, இது 1989-லயே வந்தது. நாடு முழுக்க ஒரே எலக்ட்ரானிக் சிஸ்டத்துல வணிகப் பத்திரம் எல்லாத்தையும் முடிக்கிறது உலகத்துலயே அப்போ இதுதான் முதல். அதுக்கு முன்னாடி பேப்பரத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஓடணும், ஒரு பெர்மிட்டுக்கு ரெண்டு நாள்லேந்து ஒரு வாரம் வரைக்கும் ஆகுமாம், சிஸ்டம் வந்தப்புறம் நிமிஷக் கணக்கு. எண்ணெய் கெடையாது, நிலக்கரி கெடையாது, குடிக்கிற தண்ணியில ஒரு பங்கு இன்னிக்கும் பக்கத்து மலேசியாவுல இருக்க ஜொகூர்லேந்துதான் குழாயில வருது, அப்படிப்பட்ட ஊரு மத்தவங்கள விட வேகமாவும் தப்பில்லாமயும் வேலையச் செஞ்சு குடுத்துத்தான் சம்பாதிச்சாகணும். அறிவுப் பொருளாதாரம்னு மேடையில பேசுறாங்களே, என் டேபிள்ல அதுக்கு அர்த்தம் இதுதான். பத்து நிமிஷத்துல பெர்மிட்.

ஆனா ஒண்ணு, அன்னிக்கு டிரேட்நெட் வந்தப்ப வேலை போனது பேப்பர் தூக்கிட்டு ஓடுன டெஸ்பாட்ச் ஆளுங்களுக்கு. இப்போ எங்க முறை வந்திருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பாஸ் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டாரு, இன்வாய்ஸ் பிடிஎஃப்ப உள்ள தள்ளுனா அதுவே வரி வரியாப் படிச்சு எச்எஸ் கோட் போட்டுக் குடுத்துடுது. மொத நாள் நான் வேணும்னே ஒரு மளிகைக் கன்டெய்னரோட இன்வாய்ஸக் குடுத்தேன், மாட்டட்டும்னு. அப்பளத்துக்கு அது போட்ட கோட் கரெக்ட்டு. வயித்தக் கலக்கிடுச்சு எனக்கு. அன்னிக்கு ராத்திரிதான் சிங்பாஸ் போட்டு என் கிரெடிட் எவ்ளோ இருக்குன்னு மொத மொதல்ல ஒழுங்காப் பாத்தேன்.

மொத மொதல்லன்னு சொன்னது பாதிப் பொய். 2017-லயே ஒரு தடவ 500-ல கை வச்சிருக்கேன், பேக்கிங் கிளாஸ். அப்போ எல்லாம் கேக்கு, பூங்கொத்து, கொரியன் பாஷை எதுக்கு வேணும்னாலும் போடலாம், ஊரே போட்டுச்சு. முட்ட போடாத சாக்லேட் கேக் அங்கதான் கத்துக்கிட்டேன், இன்னிக்கு வரைக்கும் என் பொண்ணு பொறந்தநாளுக்குக் கடையில கேக் வாங்குனதில்ல. நாட்டோட அறிவுப் பொருளாதாரத்துக்கு என்னோட பங்கு ஒரு கேக்கு. சிரிக்கிறவங்க சிரிங்க, ஆனா அந்தக் கிளாஸ்லதான் கல்யாணத்துக்கப்புறம் மொத தடவையா ஒரு பெஞ்ச்ல உக்காந்து நோட்டு தொறந்து எழுதுனேன், திரும்பப் படிக்கலாம் போலருக்கேன்னு தோணுனதே அங்கதான். அதுக்காகவே 5-க்கு 4.

ரெண்டாவது கோர்ஸ்தான் எரிச்சல். 2025 கடைசியில, அந்த 500-உம் 500-உம் காலாவதி ஆகப்போகுதுன்னு ஊரே பரபரன்னு இருந்த நேரம். வீட்டுக்குப் பக்கத்து மால்ல எஸ்கலேட்டர் கீழ ஒரு மேஜைய போட்டு ஒரு தம்பி நின்னுக்கிட்டு, "ஆன்ட்டி, ஃப்ரீ லா, உங்க கிரெடிட்தான், யூஸ் பண்ணலன்னா வேஸ்ட் லா"ன்னாரு. நானும் மயங்குனேன். ஏஐ வச்சு வேலைய எப்படி சீக்கிரம் முடிக்கிறதுன்னு ரெண்டு நாள் கோர்ஸ், ஒரு தனியார் ட்ரெய்னிங் சென்டர், பேரு வேணாம். ரெண்டு நாளும் சனி ஞாயிறு. உள்ள போனா க்யூஆர் ஸ்கேன் பண்ணி அட்டென்டன்ஸ், சாயங்காலம் போறப்ப திரும்ப ஸ்கேன், நடுவுல அந்த ட்ரெய்னர் ஸ்லைடுல இருக்கத அப்படியே வாசிச்சாரு, நாங்க கேட்டோம். நான் வாசிக்கவே தெரியாதவளா இருந்தா ரொம்ப உபயோகமா இருந்திருக்கும். என் வேலையில இத எங்க பொருத்துறதுன்னு கேட்டேன், இன்வாய்ஸ்ல மூணு சாமான் ஒரே வரியில கலந்திருந்தா எப்படிப் பிரிக்கச் சொல்றதுன்னு, அவரு "குட் கொஸ்டின்"னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாரு. கடைசியில ஃபீட்பேக் ஃபார்ம், நாங்க நிரப்புறப்ப பக்கத்துலயே வந்து நின்னுக்கிட்டாங்க. டீ பிரேக்ல குடுத்த கறி பஃப் நல்லாருந்துச்சு, அதுக்கு ஒரு ஸ்டார்.

இதுல ஒரு விஷயம் யோசிக்கணும். அரசாங்கம் காசு குடுக்குறது நீ கிளாஸ்ல உக்காந்ததுக்கு. மண்டைக்குள்ள என்ன ஏறுச்சுன்னு அளக்குறது கஷ்டம், அட்டென்டன்ஸ் அளக்குறது சுலபம். சுலபமா அளக்கக்கூடியதுக்குக் காசு குடுத்தா அத மட்டும் உற்பத்தி பண்ணிக் குடுக்க ஆளு வந்துடுவாங்க, இது கூடப் பரவால்ல, 2017-ல ஒரு கும்பல் நடக்காத ட்ரெய்னிங்குக்கு பில்லு போட்டு கிட்டத்தட்ட 40 மில்லியன் வெள்ளிய இந்தத் திட்டத்துலேந்து சுருட்டுனது கேஸாகி ஜெயில் வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் ரொம்ப இறுக்கிட்டாங்க, 4,000 வெள்ளிக்கு மட்டும் தனி லிஸ்ட் வச்சிருக்கறதும் கேக்கு, பூங்கொத்துன்னு செதறக்கூடாதுன்னுதான். கேக்கு மேல எனக்குப் பாசம் இருந்தாலும் அந்த முடிவு சரின்னுதான் சொல்லுவேன்.

இப்போ மூணாவது கோர்ஸ். இதுக்காகத்தான் ரிவியூவே. ஒரு பாலிடெக்னிக்ல டேட்டா அனலிட்டிக்ஸ், பார்ட் டைம், வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் ஏழுலேந்து பத்து, ஆறு மாசம். முழு ஃபீஸ் 5,000 வெள்ளிக்கு மேல போட்டிருந்துச்சு, பாத்ததும் பக்குன்னு ஆச்சு, ஆனா 40 தாண்டுன குடிமக்களுக்கு 90 சதவீதம் வரைக்கும் சப்சிடி இருக்கு, அது போக எனக்கு வந்தது 500-க்குக் கொஞ்சம் மேல, அதையும் 4,000-லேந்து கட்டிட்டேன். கையக் கடிச்சது ஒரு காசு இல்ல. மிச்சம் 3,400 சொச்சம் அப்படியே கெடக்கு. இத எதுக்குச் சொல்றேன்னா, "காசு இல்ல, அதான் படிக்கல"ன்னு இங்க 40 வயசு குடிமக்கள் யாரும் சொல்ல முடியாது.

மொத ரெண்டு வாரம் செத்தேன். ட்ரெய்னர் வேர்ஹவுஸ் கம்பெனி ஒண்ணுல பகல்ல வேலை பாக்குறவரு, ராத்திரி வந்து பாடம் எடுக்குறாரு, அதனால கதையடிக்க மாட்டாரு, நேரா விஷயம். மூணாவது வாரம், "புத்தகத்துல இருக்க டேட்டா வேணாம், உங்க வேலையிலேந்து ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க, பேர எல்லாம் மறைச்சுட்டு"ன்னாரு. நான் பாஸ்கிட்ட கேட்டு, ரெண்டு வருஷத்துல நாங்க போட்டுட்டு அப்புறம் திருத்துன பெர்மிட் லிஸ்ட்ட எடுத்துட்டுப் போனேன். திருத்தம்னா என்ன, எடை தப்பு, பெட்டி எண்ணிக்கை தப்பு, கப்பல் மாறிடுச்சு, இப்படி. ஒவ்வொரு திருத்தமும் காசு, நேரம், கஸ்டமர்கிட்ட திட்டு.

அந்த லிஸ்ட்ட எக்ஸெல்ல தொறந்து, அதுல டேட்டாவ சுத்தம் பண்ற பவர் குவெரியில ஏத்துனதும் மானம் போச்சு. ஒரே கஸ்டமர் பேரு நாலு விதமா இருக்கு, "பிடிஇ எல்டிடி"ன்னு புள்ளி இல்லாம ஒண்ணு, புள்ளி வச்சு ஒண்ணு, எல்லாமே பெரிய எழுத்துல ஒண்ணு, கடைசியில கண்ணுக்கே தெரியாத ஒரு ஸ்பேஸோட ஒண்ணு, மிஷினுக்கு நாலும் நாலு கம்பெனி. தேதி அத விடக் கூத்து, 3/4-ன்னு நாங்க போட்டது ஏப்ரல் மூணு, அது மார்ச் நாலுன்னு எடுத்துக்கிச்சு, பன்னெண்டுக்கு மேல போன தேதி எல்லாம் எர்ரர். இத சுத்தம் பண்ணவே மூணு சாயங்காலம். ட்ரெய்னர் வந்து எட்டிப் பாத்துட்டு, "இதுதான் வேலையில முக்காவாசி"ன்னுட்டுப் போயிட்டாரு. பாத்திரம் கழுவாம சமைக்க முடியுமா, அதே கதைதான்.

கழுவி முடிச்சு சார்ட் போட்டப்ப ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. திருத்தத்துல பெரும்பகுதி வெள்ளிக்கிழமை மத்தியானம், அதுவும் ஒரே ஒரு கஸ்டமர். கிளாஸ்ல எல்லாரும் "ஃப்ரைடேன்னா டயர்டா இருப்பீங்க, தப்பு பண்ணுவீங்க"ன்னாங்க. எனக்குச் சட்டுனு பொறி தட்டுச்சு. அந்த கஸ்டமர் வியாழக்கிழமை அனுப்புறது டிராஃப்ட் இன்வாய்ஸ், ஃபைனல் பேக்கிங் லிஸ்ட் அவங்க வேர்ஹவுஸ் வெள்ளி காலையில எண்ணி முடிச்சப்புறம்தான் வரும், நாங்க அவசரத்துல டிராஃப்ட்ட வச்சே பெர்மிட் போட்டுட்டு மத்தியானம் திருத்திக்கிட்டிருந்திருக்கோம், ரெண்டு வருஷமா, பழக்கதோஷத்துல. ஒரு போன் போட்டேன், வியாழக்கிழமையே எண்ணி முடிச்சுடுங்கன்னு, அவங்களும் சரின்னுட்டாங்க. அடுத்த மாசம் அந்த கஸ்டமர்கிட்டேந்து வந்த திருத்தம் ரெண்டோ மூணோதான்.

அந்த ராத்திரி எம்ஆர்டி ரயில்ல வீட்டுக்கு வர்றப்ப யோசிச்சுக்கிட்டே வந்தேன். அப்பளத்துக்குக் கோட் போடுற சாஃப்ட்வேருக்கு வெள்ளிக்கிழமை காலையில அந்த வேர்ஹவுஸ்ல என்ன நடக்குதுன்னு தெரியாது, எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்ங்கறதே எனக்குத் தெரியாம இருந்துச்சு. கோர்ஸ் எனக்குப் புதுசாக் குடுத்தது கம்மிதான், என்கிட்ட ஏற்கெனவே இருந்தத எடுத்து டேபிள் மேல வச்சுது. வயித்துல அந்தக் கலக்கம் இன்னும் முழுசாப் போகல, ஆனா கொறஞ்சிருக்கு.

சரி, இப்போ குறை. குறை கோர்ஸ்ல இல்ல, நேரத்துல.

ஆபீஸ் எங்க ஊருக் கடைசி, ஆறு மணிக்கு முடியும், ஏழு மணிக்குக் கிளாஸ். செவ்வாய் வியாழன் மட்டும் அஞ்சரைக்குக் கெளம்பிக்கிறேன்னு பாஸ்கிட்ட கேட்டேன், "படிங்க படிங்க, நல்ல விஷயம்"னாரு. ரெண்டு மாசம் ஓடுச்சு. பீக் சீசன் வந்ததும் அஞ்சேகாலுக்கு வந்து டேபிள் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணும் சொல்லாம வாட்ச்ச மட்டும் பாப்பாரு. வாயத் தொறந்து போகாதன்னு சொல்லிருந்தாக் கூட சண்ட போட்டிருக்கலாம். கடைசியில பதினொரு தடவ அரைநாள் ஆனுவல் லீவ் போட்டேன், ஊருக்குப் போக வச்சிருந்த லீவு அது, அம்மாவப் பாக்க இந்த வருஷம் போக முடியல. வீட்டுல ராத்திரி பத்தே முக்காலுக்குப் போய் சேருவேன், பொண்ணு தூங்கிருப்பா, எங்க வீட்டுக்காரர் நூடுல்ஸ் கிண்டி மூடி வச்சிருப்பாரு. 4,000-லேந்து கட்டுன கோர்ஸோட உண்மையான வெல எனக்கு அதுதான்.

அரசாங்கத்துக்கு இது தெரியாதுன்னு சொல்லமாட்டேன். கம்பெனி தன் ஆள ஆபீஸ் நேரத்துல ட்ரெய்னிங் அனுப்புனா அதுக்குன்னு ஒரு தொகை குடுக்குறாங்க, ஆப்சென்டீ பேரோல்னு பேரு, மணிக்கு 4 வெள்ளி 50 காசு. நானே சம்பளக் கணக்கும் பாக்குறவ, எங்க பாஸுக்கு இத எடுத்துக் காட்டுனேன், அவரு சிரிச்சாரு. கோப்பிக்கடையில ஒரு தட்டு சோறு கூட இப்போ அந்த வெலைக்கு யோசிச்சு யோசிச்சுத்தான் வாங்கணும். பாஸ் கெட்டவரு இல்ல, பாவம் நாலு டிக்ளரன்ட் வச்சு நடத்துற கம்பெனி, ஒருத்தி போயிட்டா மத்த மூணு பேரு தலையில விழும், அவரு என்ன பண்ணுவாரு. நூறு பேரு வேலை பாக்குற எடத்துல ஒருத்தி போறதும் நாலு பேரு இருக்க எடத்துல ஒருத்தி போறதும் ஒண்ணா? முழு நேரமா வேலைய விட்டுட்டுப் படிக்கிறவங்களுக்கு சம்பளத்துல பாதி, மாசம் 3,000 வெள்ளி வரைக்கும் ட்ரெய்னிங் அலவன்ஸ் குடுக்குறாங்க, ரெண்டு வருஷம் வரைக்கும் கூட, பெரிய விஷயம் அது, எந்த ஊர்ல தர்றாங்க. ஆனா வீட்டு லோன், பொண்ணு ஸ்கூல்னு ஓடுற வீட்டுல மீதிப் பாதிக்கு எங்க போறது, படிச்சு முடிச்சு வர்றப்ப 48 வயசுக்காரிக்கு யாரு வேலை வச்சுக்கிட்டுக் காத்திருக்கா. பார்ட் டைம்காரங்களுக்கும் மாசம் 300 வெள்ளின்னு கொண்டு வந்திருக்காங்க, நல்லது, வேணாம்னு சொல்லுவேனா. 300 வெள்ளி வாங்கிக்கிட்டு அரைமணி நேரம் திருப்பிக் குடுங்கன்னா யாரும் குடுக்க மாட்டாங்க.

கிளாஸ்ல என் பக்கத்து சீட்டு ஒரு சீன அங்கிள், 63 வயசு. எங்கயோ ஃபெசிலிட்டீஸ்ல, அதான் கட்டடப் பராமரிப்புல வேலை, ஏர்கான் ரிப்போர்ட் எல்லாம் டேஷ்போர்டாக் கேக்குறாங்கன்னு வந்திருந்தாரு. பிரேக்ல மைலோ குடிச்சுக்கிட்டே அவரு சொன்ன கதைய கேளுங்க. பிரைமரி ஸ்கூலோட நின்னவரு, 1980 வாக்குல எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரில சேந்திருக்காரு. அந்தக் காலம் எப்படின்னா, 1960-களோட ஆரம்பத்துல வின்செமியஸ்னு ஒரு டச்சுப் பொருளாதார நிபுணர் வந்து தொழிற்சாலைய கட்டுங்கன்னு வழி சொல்லிக் குடுத்து, 1968-ல அமெரிக்க சிப் கம்பெனிங்க வர ஆரம்பிச்சு, பத்து வருஷத்துல ஊரே ஃபேக்டரி. ஆனா 1979-லயே அரசாங்கம் உஷாராயிடுச்சு, மலிவான கைக்கு நம்மள விட மலிவா பக்கத்து ஊர்லயே ஆளு கெடைக்கும், இனிமே கை வேலைய வச்சு ஜெயிக்க முடியாதுன்னு வேணும்னே சம்பளத்த ஏத்திவிட்டாங்க, முதலாளிங்க மிஷினும் படிச்ச ஆளும் தேடட்டும்னு. அதே வருஷம் ஸ்கில்ஸ் டெவலப்மென்ட் ஃபண்டும் ஆரம்பிச்சாங்க, தொழிலாளிங்களுக்காக முதலாளி லெவின்னு ஒரு கட்டணம் கட்டணும், அது இன்னிக்கும் இருக்கு, சம்பளத்துல 0.25 சதவீதம், ஒரு ஆளுக்கு மாசம் அதிகபட்சம் 11 வெள்ளி 25 காசு, நானே மாசாமாசம் எங்க கம்பெனிக்குக் கட்டுறேன்.

1983-ல பெஸ்ட்னு ஒரு திட்டம், தொழிலாளிங்களுக்கு அடிப்படை இங்கிலீஷும் கணக்கும். அங்கிள் அதுல படிச்சிருக்காரு. எங்க தெரியுமா கிளாஸு? ஃபேக்டரி கேன்டீன்ல. பாதி நேரம் ஷிஃப்ட்ல சேத்தி, பாதி நேரம் இவங்க சொந்த நேரமாம். சூப்பர்வைசரே வந்து "கிளாஸுக்குப் போ, உன் லைன நான் பாத்துக்குறேன்"னு அனுப்புவாராம், ஏன்னா புது மிஷின் மேனுவல் எல்லாம் இங்கிலீஷ்ல வந்து எறங்கிருக்கு, ஆளு படிக்கலன்னா மிஷின் சும்மா நிக்கும். சதவீதமும் தசமமும் அங்க கத்துக்கிட்டு அப்புறம் ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரில டெக்னீஷியனாகி, அங்கதான் முப்பது வருஷம். "அப்போ பாஸுக்கு நாங்க படிச்சாகணும், இப்போ எனக்கு நான் படிச்சாகணும்"னாரு. சொல்லிட்டு என் பிவட் டேபிள்ல ஒரு தப்பக் காட்டிட்டுப் போனாரு.

நான் எத்தனையோ நாள் யோசிச்சுப் பாத்தேன், இந்த ஊரு பெருசா ஜெயிச்சது ரகசியம் எல்லாம் ஒண்ணுமில்ல, கம்பெனிக்கு என்ன தேவையோ அத கம்பெனிய வச்சே சொல்லிக் குடுக்க வச்சது. 1972-ல நம்ம டாட்டாவோட சேந்து ஒரு ட்ரெய்னிங் சென்டர் தொறந்தாங்க, அதுக்கப்புறம் ரோலை கேமரா கம்பெனி, பிலிப்ஸ்னு வரிசையா, பையனுங்க நெசமான மிஷின்ல நெசமான வேலையப் பழகிட்டு வெளிய வந்தாங்க. ஆராய்ச்சிக்கும் கொட்டுறாங்க, பயோபோலிஸ்னு ஒரு ஆராய்ச்சி வளாகம் கட்டுனாங்க, 2021லேந்து 2025 வரைக்கும் மட்டும் 25 பில்லியன் வெள்ளின்னு ஒதுக்குனாங்க. எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு, "வெள்ளக்கோட்டு போட்டவங்களுக்கு 25 பில்லியன், உனக்கு 4,000"ன்னு. வெள்ளக்கோட்டு வேணும்தான், நான் வேணாங்கல. ஆனா டிரேட்நெட்ல தப்பில்லாம ஒரு வரி போடுறதும் அந்த 25 பில்லியன் ஊருதானே.

இன்னொண்ணும் உறுத்துது, சொல்லிடுறேன். இந்தக் கிரெடிட் குடிமக்களுக்கு மட்டும்தான், பிஆருக்கே, அதான் நிரந்தரவாசிக்கே கெடையாது. ஞாயித்துக்கிழமை தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, புதுக்கோட்டை, அறந்தாங்கி தம்பிங்க புல்லுல உக்காந்து வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கிட்டிருப்பாங்க, நான் படிச்ச லேப் கட்டடத்த கட்டுனதும் அவங்க மாதிரி ஆளுங்கதான். அவங்க வரியில இந்தத் திட்டம் ஓடலன்னு வாதம் பண்ணுவாங்க, சரி, நாட்டுக் கணக்கு நாட்டுக்கு. நானும் இருபது வருஷம் முன்னாடி வொர்க் பாஸ்ல வந்தவதான், அதனால உறுத்துது.

யாரு போகலாம், யாரு போகவேணாம்னு கேட்டீங்கன்னா, மால்ல மேஜ போட்டுக் கூப்புடுற எதுக்கும் போகாதீங்க, அவ்ளோதான். கோர்ஸ் எடுக்குறதுக்கு முன்னாடி ட்ரெய்னர் பகல்ல என்ன வேலை பாக்குறாருன்னு மட்டும் கேளுங்க, பதில் வரலன்னா கெளம்பிடுங்க. உங்க ஆபீஸ்லேந்து உங்கள உறுத்துற ஒரு பிரச்சனைய கையில எடுத்துக்கிட்டுப் போங்க, வெறுங்கையோட போனா வெறும் சர்ட்டிபிகேட்தான் திரும்பி வரும். காசு விஷயத்துல 5-க்கு 5 ஸ்டார், வெப்சைட்டுக்கு 3, தேடுறது ஒரு தலைவலி, ஆயிரக்கணக்குல கோர்ஸ் கொட்டிக் கெடக்கு, 4,000-க்கு ஒத்துக்கிட்டது எதுன்னு தனியா வடிகட்டணும். பாலிடெக்னிக் கோர்ஸுக்கு 5-க்கு நாலரை. நேரத்துக்கு 2, அந்த ரெண்டும் எங்க வீட்டுக்காரர் கிண்டி வச்ச நூடுல்ஸுக்கு.

அங்கிள் நேத்து மெசேஜ் போட்டிருக்காரு, அடுத்த மாடியூல் மார்ச்ல ஆரம்பிக்குதாம், திங்களும் புதனும், என் சீட்ட புடிச்சு வைக்கட்டுமான்னு. பாஸ்கிட்ட நாளைக்குக் கேக்கணும். ஏழாவது மாடி அக்கா இதப் படிச்சீங்கன்னா, வர்றதா இருந்தா சொல்லுங்க, சேந்தே போலாம், ஸ்வெட்டர் எடுத்துக்குங்க, லேப்ல ஏர்கான் எலும்பு வரைக்கும் எறங்குது.